இருநூறு ரூபாய் அபராதமும் நமது கடை வாசலும்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு ரசீதைக் கொண்டு வந்து என் கல்லா மேஜை மீது வைத்தார். தொகை இருநூறு ரூபாய். அவர் கடைக்குள் எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பீடி குடித்துக் கொண்டிருந்திருக்கிறார். ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பீடி குடித்தவர் மூட்டை இறக்க வந்த தள்ளுவண்டிக்காரர். சட்டைப் பையைத் தடவினால் நாற்பது ரூபாய்தான் இருந்தது. கடைசியில் கடைக்காரர் தலையில் ரசீது விழுந்தது.

"குடித்தவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்களே, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். அத்துடன் விட்டிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டார். "வந்தவர்கள் நாலு பேர், ஒரு ஜீப். இந்த இருநூறு ரூபாயை வசூலிக்க அரசாங்கம் எவ்வளவு செலவழித்தது, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்."

முதல் கேள்வி அவருடைய வருத்தம். இரண்டாவது கேள்வி வரி கட்டுகிற நம் எல்லோருக்கும் உரியது. இரண்டையும் கொஞ்சம் விசாரித்ததில் தெரிந்துகொண்டதை வணிகப் பெருமக்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

சட்டம் வந்த வழி

பொது இடத்தில் புகை பிடிப்பதைத் தடுக்கும் முயற்சி நம் நாட்டில் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வேகம் பிடித்தது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பொதுமக்களுக்குத் தொல்லை தரும் குற்றமே என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2-ஆம் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் புகைக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அதன் பிறகு நாடாளுமன்றம் 2003-இல் 'சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம்' என்பதை நிறைவேற்றியது. அதிகாரிகள் 'கோட்பா' என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 2004 மே 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் கடைக்காரர்களைத் தொட்டது அதற்குப் பின் வந்த விதிகள். நம் மாநிலத்தைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பொது இடம் என்பதில் வேலை செய்யும் இடங்களும் சேர்ந்தன. நமது கடையும் கிடங்கும் நம் சிப்பந்திகளுக்கு வேலை செய்யும் இடம்தானே? ஆகவே கூரைக்கு உட்பட்ட கடை, சட்டத்தின் கண்ணில் பொது இடம். திறந்த வெளியான தெரு அப்படி அல்ல. ஆனால் பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவை திறந்திருந்தாலும் பொது இடமே.

இங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். நம்மூர்க் கடைகளில் பாதி கூரைக்குள், பாதி தெருவில். சாக்கு மூட்டைகளும் வெங்காயக் கூடையும் படிக்கு வெளியே இருக்கும். மேலே தகரக் கொட்டகை நீட்டியிருப்போம். அந்தக் கொட்டகை நிழலில் நின்று புகைப்பவர் கடைக்குள் நிற்கிறாரா, தெருவில் நிற்கிறாரா? சட்டப் புத்தகத்தில் கொட்டகைக்கு என்று தனி வரி கிடையாது. வருகிற அதிகாரி எப்படிப் பார்க்கிறாரோ அப்படி.

கஜானாவில் இருந்து என்ன செலவாகிறது?

பலரும் நினைப்பது போல, புகைப்பவரைப் பிடிப்பதற்கென்று அரசு ஒரு தனிப் படையை நியமித்துச் சம்பளம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே சம்பளம் வாங்கிக் கொண்டிருப்பவர்களிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றவர்களின் பட்டியல் நீளமானது. சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவர்களும், சுகாதார ஆய்வாளர்கள், ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர், பள்ளித் தலைமை ஆசிரியர், கல்லூரி முதல்வர், நூலகர் என்று போகிறது. தலைமை ஆசிரியருக்குப் பாடம் நடத்தவும் சத்துணவைக் கவனிக்கவும் நேரம் போதவில்லை. அவர் ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் நிற்பாரா? பத்துப் பேர் பொறுப்பில் விட்ட கடையில் யார் கல்லாவைப் பூட்டுவது என்கிற கதைதான்.

தனியாகப் பணம் ஒதுக்கப்பட்டது வேறொரு வழியில். 2007-08-இல் மத்திய அரசு 'தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. முதலில் சோதனையாக ஒன்பது மாநிலங்களில், மாநிலத்துக்கு இரண்டு மாவட்டம் வீதம் 18 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்தவை விழுப்புரமும் நமது காஞ்சிபுரமும். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் போன நம் மாவட்டம் இதிலும் முதல் வரிசையில் இருந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. எனக்கும் இந்த விசாரணையில்தான் தெரிந்தது.

அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் என்றால் இன்றைய அளவு அல்ல. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை தாம்பரமும் மாமல்லபுரமும் நம்மோடுதான் இருந்தன. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரும், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைத் தொழிலாளியும், மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணியும் ஒரே திட்டத்துக்குள் வந்தார்கள்.

இந்தத் திட்டத்தின் பணம் எதற்கு? மாவட்ட அளவில் ஓர் ஆலோசகர், மனநல ஆலோசனை சொல்பவர், சமூகப் பணியாளர் என்று ஒப்பந்தத்தில் சிலர். ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பயிற்சி. பள்ளிகளில் விழிப்புணர்வு. புகைப்பதை விட நினைப்பவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் ஆலோசனை. சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது இதில் ஒரு பகுதிதான். பின்னாளில் இத்திட்டம் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வந்தது. அங்கே நம் மாநிலம் போன்றவற்றில் நூற்றுக்கு 60 ரூபாய் மத்திய அரசும் 40 ரூபாய் மாநில அரசும் போடுகின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய் என்று பெரிய தலைகள் எல்லாம் வரிசையில் நிற்கும்போது புகையிலைக் கட்டுப்பாடு கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தாளி.

கல்லாப் பெட்டிக் கணக்கு

அன்பர் கேட்ட கணக்குக்கு வருவோம். அரசாங்கக் கணக்கு நம் கையில் இல்லை. ஒரு பேச்சுக்கு, நம் வழக்கப்படி போட்டுப் பார்க்கலாம்.

நாலு ஊழியர்கள் காலை பத்து முதல் ஒரு மணி வரை, அரை நாள். ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் சராசரி ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தால் அரை நாளுக்கு நாலு பேருக்கும் 3,000 ரூபாய். ஜீப், டீசல், ரசீது, எழுத்து வேலை எல்லாம் சேர்த்து 500. ஆக 3,500. பத்துப் பேரைப் பிடித்து எல்லோரும் முனகாமல் கட்டினால் வரவு 2,000. நட்டம் 1,500. தள்ளுவண்டிக்காரர் போல 'பையில் இல்லை ஐயா' என்பவர்கள் நாலு பேர் என்றால் நட்டம் இன்னும் ஏறும். எந்த வணிகனும் இந்த வியாபாரத்தை இரண்டாம் நாள் செய்ய மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. இந்த இருநூறு ரூபாய், சட்டம் வந்தபோது வைத்த உச்ச வரம்பு. இருபது வருடத்துக்கு மேலாகியும் நாடாளுமன்றம் அதை மாற்றவில்லை. சட்டம் வந்த காலத்தில் இருநூறு ரூபாய் என்றால் ஒரு கூலித் தொழிலாளிக்கு இரண்டு நாள் பாடு. இன்று அரை நாள் கூலிகூட அல்ல. 2020 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட ஒரு திருத்த வரைவு அதை 2,000 ஆக்கலாம் என்றது. அது சட்டமாகவில்லை. பக்கத்தில் கர்நாடகம் 2024-இல் தன் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டு வந்து 1,000 ஆக்கியது.

ஆனால், இந்தக் கணக்கோடு நின்றால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆக மாட்டோம். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட வரும் ஊழியரின் சம்பளத்தை முத்திரைக் கட்டணம் ஈடு கட்டுமா? அதற்காக முத்திரையே வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. கள்ள எடை போடுபவனோடு நாம் போட்டி போட வேண்டியதில்லை என்பதே அதன் லாபம். அபராதமும் அப்படித்தான். அது வருமானத்துக்கு வைத்தது அல்ல.

புகையிலையால் நாட்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று பார்த்தால் ஜீப்புக்குப் போட்ட டீசல் கண்ணுக்கே தெரியாது. 2011-ஆம் ஆண்டில் 35 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்குப் புகையிலையால் வந்த நோய்களின் செலவும் அதனால் போன உழைப்பும் சேர்ந்து 1,04,500 கோடி ரூபாய் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை கூறியது. 2017-18-க்குப் போட்ட இன்னொரு கணக்கில் அது 1,77,341 கோடி. அதே கணக்கு, புகையிலையின் கலால் வரியாக அரசுக்கு வருவது இந்த நட்டத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் அளவுதான் என்றும் சொல்கிறது. 'நாங்கள் சிகரெட் விற்றுத்தானே அரசாங்கத்துக்கு வரி வருகிறது' என்று நம் கூட்டங்களில் மார் தட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பீடியையே தொடாதவர்கள் பிறர் விட்ட புகையால் நோயாளியாகி மருத்துவத்துக்குச் செலவழிப்பது மட்டும் ஆண்டுக்கு 56,700 கோடி என்று மற்றோர் ஆய்வு.

கொஞ்சம் உறுத்துகிற விஷயம் இனித்தான். நாடு முழுவதும் பெரியவர்களிடம் இரண்டு முறை பெரிய கணக்கெடுப்பு நடந்தது, 2009-10-இலும் 2016-17-இலும். வீட்டில் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் நூற்றுக்கு 52 பேரிலிருந்து 39 ஆகக் குறைந்தார்கள். வேலை செய்யும் இடத்தில்? அன்றும் 30, பிறகும் 30. வீட்டுக்குள் எந்த அதிகாரியும் வரவில்லை, எந்த அபராதமும் இல்லை, அங்கே குறைந்தது. சட்டமும் விதியும் பலகையும் இருக்கிற வேலை இடத்தில் குறையவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் சொன்னார்கள். கடையில் யார் சொல்வது? பதினெட்டு வயதுச் சிப்பந்தி முதலாளியிடமோ வாடிக்கையாளரிடமோ 'வெளியே போய்க் குடியுங்கள்' என்று சொல்வானா?

ஜீப் போகாத இடங்கள்

நம்மூரையே எடுத்துக் கொள்வோம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நாள்தோறும் வெளியூர்க் கூட்டம் வருகிறது. பிராகாரத்தில் பீடி பற்ற வைக்கும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த அபராதத்துக்கும் அஞ்சி அல்ல. பக்கத்தில் நிற்பவர் சும்மா விட மாட்டார் என்பதால்.

காந்தி சாலைப் பட்டுக் கடைகளும் அப்படியே. கல்யாணப் புடவை எடுக்க வரும் கூட்டத்தில் மாமனார் வகை ஒருவராவது புகைப்பவர் இருப்பார். அவரே எழுந்து வாசலுக்குப் போவார். பட்டில் புகை வாடை ஏறினால் யாருக்கு நட்டம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நம்முடைய துவரம்பருப்புக்கும் காபித் தூளுக்கும் வாடை ஏறாது என்று யார் சொன்னது?

பேருந்தைப் பாருங்கள். என் இளம் வயதில் செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து புகைத்துக் கொண்டே வருவார்கள். பின் இருக்கைக்காரர் முகத்தில் சாம்பல் பறக்கும். திரைப்படக் கொட்டகையில் வெள்ளித் திரைக்குப் போகும் ஒளிக்கற்றையில் புகை சுருள் சுருளாகத் தெரியும். இன்று பேருந்தில் யாராவது பற்ற வைத்தால் நடத்துநர் விசில் அடித்து நிறுத்திவிடுவார். அவருக்கு இதற்கென்று தனிப் படி எதுவும் கிடையாது. அந்த இடத்துக்கு அவர் பொறுப்பு, அவர் அங்கேயே இருக்கிறார், அவர் சொன்னால் மற்றப் பயணிகள் சேர்ந்து கொள்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான். அயர்லாந்து 2004 மார்ச் 29-ஆம் தேதி மதுக்கடைகள் உட்பட எல்லா வேலை இடங்களிலும் புகைக்கத் தடை விதித்தது. நாடு முழுவதும் அப்படிச் செய்த முதல் நாடு அது. மதுக்கடைக்காரர்கள் 'எங்கள் பிழைப்புப் போச்சு' என்றார்கள். ஆனால் முதல் வருடத்திலேயே சோதித்த இடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தன. அங்கேயும் அரசு செய்தது, ஏற்கெனவே இருந்த சுகாதார அலுவலர்களை அனுப்பியதும், கடைக்காரரைப் பொறுப்பாக்கியதும்தான். ஆனால் விதி எது, எல்லை எது என்பதை நாள் வரும் முன்பே வீட்டுக்கு வீடு தெரியும்படி சொன்னார்கள்.

பூட்டான் வேறு வழியில் போனது. 2004-இல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. 2010-இல் சிறைத் தண்டனையோடு கடுமையான சட்டம் போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் நம் நாட்டுக் கடைகளில் இருந்து சரக்குக் கள்ளத்தனமாகப் போய்க் கொண்டே இருந்தது. கடைசியில் 2021-இல் விற்பனைத் தடையை விலக்கிக் கொண்டார்கள். அவ்வளவு செலவும் கெடுபிடியும் கள்ளச் சரக்குக்காரனை வளர்த்ததுதான் மிச்சம்.

அன்பரின் முதல் கேள்வி

கடைக்காரர் தலையில் ரசீது விழுந்தது நியாயமா? விதி சொல்வதைப் பார்ப்போம். பொது இடத்தின் உரிமையாளரோ, மேலாளரோ, பொறுப்பாளரோ அங்கே யாரும் புகைக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வாசலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுப் பலகை வைக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில், சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் போட்ட படத்தோடு, 'இங்கே புகை பிடிப்பது குற்றம்' என்று எழுதியிருக்க வேண்டும். புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் அதில் தெரிய வேண்டும். சாம்பல் கிண்ணம், தீக்குச்சி, லைட்டர் போன்ற வசதி எதுவும் வைத்திருக்கக் கூடாது. மீறல் நடப்பதாகச் சொல்லியும் கடைக்காரர் எதுவும் செய்யாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கு உரிய அபராதம் அவர் மேல் வரும்.

அன்பரிடம் கேட்டேன். பலகை இல்லை. புகார் என்று யாரும் வந்து சொன்னதும் இல்லை, சொன்னார்களா என்று ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்கவும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் குறை. கடையில் கயிறு இருந்ததா என்று கேட்டதற்கு அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கயிறு என்றால் நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கடைத் தூணில் நுனி கனன்று கொண்டே தொங்கும் தேங்காய் நார்க் கயிறு. தீப்பெட்டி கேட்டுத் தொந்தரவு செய்யாமல் வாங்குகிறவர் அங்கேயே பற்ற வைத்துக் கொள்ளட்டும் என்று நம் பெரியவர்கள் காலத்தில் கட்டியது. லைட்டர் வைக்கக் கூடாது என்று சொல்லும் விதியில் இந்தக் கயிற்றைச் சேர்க்க ஓர் அதிகாரி ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்காது. சட்டம் கிடக்கட்டும். நம்மூர்க் கடைகளில் கற்பூரம் டப்பா டப்பாவாக இருக்கிறது. நல்லெண்ணெய் டின், சாக்கு, காலி அட்டைப் பெட்டி எல்லாம் அடுக்கியிருக்கிறோம். அவற்றுக்கு முழ தூரத்தில் நாள் முழுக்க நெருப்பைக் கட்டித் தொங்கவிடுகிற ஒரே வியாபாரம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

இருநூறு ரூபாய்க்கு அப்பால்

நான் இவ்வளவு எழுதுவது இருநூறு ரூபாய்க்காக அல்ல. 2017 செப்டம்பர் 21-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் மூலம் தனி லைசென்ஸ் முறை கொண்டு வாருங்கள். அப்படி லைசென்ஸ் பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் போன்ற புகையிலை அல்லாத பொருட்களை விற்க அனுமதிக்காதீர்கள் என்பது அதன் சாரம். குழந்தை மிட்டாய் வாங்க வரும் இடத்தில் சிகரெட் கண்ணில் படக் கூடாது என்பது அவர்கள் காரணம். காரணத்தில் தப்பு இல்லை. ஆனால் ஒரு பெட்டிக்கடைக்காரருக்கு அதன் பொருள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது. 2020 வரைவிலும் லைசென்ஸ் பேச்சு இருந்தது. வட மாநிலங்களில் லக்னோ போன்ற சில மாநகராட்சிகள் இந்த வழியில் இறங்கிவிட்டன.

நமது காஞ்சிபுரமும் 2021 முதல் மாநகராட்சி. நாளை இங்கும் தீர்மானம் வரலாம். அப்போது 'கடைக்காரர்கள் சட்டத்தை மதிப்பதே இல்லை, அபராதம் போட்டும் பலன் இல்லை, செலவுதான் மிச்சம்' என்று அதிகாரிகள் கோப்பில் எழுதியிருந்தால் நம் சங்கம் எதைச் சொல்லி வாதாடும்? பலகை மாட்டிய கடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு பேசுவது வேறு, வெறுங்கையோடு கோஷம் போடுவது வேறு.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. விழிப்புணர்வுக்கு ஒதுக்கும் பணத்தில் கடைக்கு ஒரு பலகை அச்சடித்துக் கொடுக்கட்டும். ஜீப் ஒருமுறை சுற்றுகிற செலவில் பல பலகைகள் எழுதலாம். கொட்டகை நிழல் கடையா தெருவா என்பதை மாவட்டக் குழு எழுத்தில் தெளிவாக்கட்டும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை ரசீது என்று ஒரு ஒழுங்கு வைக்கட்டும். புகைத்தவர் யார், கடைக்காரர் யார் என்று பிரித்து ரசீது போடட்டும். நடத்துநருக்குக் கிடைக்கிற மரியாதை கடைக்காரருக்கும் கிடைத்தால் சம்பளம் இல்லாமலே இந்த வேலையை நாம் பார்ப்போம். இப்போதும் சம்பளம் இல்லாமல்தான் பார்க்கச் சொல்கிறார்கள்.

போகிற போக்கில் வேறு சில எச்சரிக்கைகள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்கக் கூடாது; வாங்கியவர் வயது வந்தவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில் இருக்கிறது. 'அப்பா வாங்கி வரச் சொன்னார்' என்று வரும் பையனுக்கும் கொடுக்கக் கூடாது. கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரில் இருந்து நூறு கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள் விற்கவே கூடாது. தெருவுக்கு ஒரு பள்ளி இருக்கும் நம்மூரில் ஒவ்வொருவரும் ஒருமுறை நாடாவை எடுத்து அளந்துவிடுவது நல்லது. படத்துடன் எச்சரிக்கை இல்லாத வெளிநாட்டு சிகரெட்டை 'லாபம் அதிகம்' என்று யாராவது கொண்டு வந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 2016 ஏப்ரல் முதல் அட்டையின் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. இருநூறு ரூபாயோடு போகாது. குட்கா, பான் மசாலா விவகாரம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, கடையையே சீல் வைப்பது. அதை இதோடு போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம். புகைப்பதை விட நினைக்கும் வாடிக்கையாளரோ, நம்மில் ஒருவரோ 1800-11-2356 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். சிகரெட் அட்டையிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது; நாம் தினமும் விற்றும் படித்ததில்லை.

என் கடைக் கயிற்றை என் தகப்பனார் கட்டினார். போன தை மாதம் வெள்ளை அடிக்கும்போது அவிழ்த்தேன், திரும்பக் கட்டவில்லை. முதல் இரண்டு வாரம் பழைய வாடிக்கையாளர்கள் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்கள். இருவர் எதிர்க்கடைக்குப் போனார்கள். அதில் ஒருவர் சர்க்கரை வாங்க மறுபடி வந்துவிட்டார். பலகைக்கு ஆன செலவு நூற்று எண்பது ரூபாய். புகார் பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று யோசித்து, கடைசியில் கல்லாவில் உட்காரும் என் மருமகள் பெயரை எழுதினேன். பேருந்து நிலையத்து அன்பர் அதைப் பார்த்துச் சிரித்தார். மறுவாரம் பலகை எழுதுபவரின் விலாசம் கேட்டு ஆள் அனுப்பினார்.